அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று மகள் கேட்டால்

வாசகர் கேள்வி

எனக்கு வயது 36. ஈரோடு மாவட்டத்தில் சிறிய ஊர். கணவர் எட்டு விசைத்தறி போட்டு, கூலிக்கு நெய்து கொடுத்து வந்தார். ஐந்து மாதத்துக்கு முன்பு தறிக்கூடத்திலேயே தற்கொலை செய்துகொண்டார். மாமனார் சத்தம் போட, நானும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டேன். கடன் இருப்பது தெரியும். எவ்வளவு என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் ராத்திரி நகை அடகு விஷயமாக எங்களுக்குள் சண்டை. அன்று சாயங்காலம் 6.40-க்கு எனக்குப் போன் செய்திருக்கிறார். ரேஷன் கடை வரிசையில் நின்றேன், பைக்குள் இருந்த போனைக் கவனிக்கவில்லை. ‘நீ எடுத்திருந்தீன்னா எம்பையன் இருந்திருப்பான்’ என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். போலீஸ் எஃப்.ஐ.ஆரிலும் ‘குடும்பப் பிரச்சினை மற்றும் கடன் தொல்லை காரணமாக’ என்றுதான் எழுதியிருக்கிறது. பத்து வயது மகளிடம் ஹார்ட் அட்டாக் என்று சொல்லி வைத்திருக்கிறோம். போன வாரம் பள்ளியிலிருந்து வந்தவள், ‘நிஜமாவே ஹார்ட் அட்டாக்தானாம்மா?’ என்று கேட்டாள். எனக்கு ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கண்ணை மூடினால் அந்தக் காட்சி. துர்மரணம், வருஷ திவசத்துக்குள் பரிகாரம் செய்யாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் ஒரு ஜோசியர். பைனான்ஸ்காரர்கள் விடாமல் கூப்பிடுகிறார்கள். மகள் மட்டும் இல்லையென்றால் நானும் போயிருப்பேன். இதிலிருந்து மீள முடியுமா?
— பெயர், ஊர் வேண்டாம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

மகளுக்கு என்ன சொல்வது என்பதுதான் உங்கள் முதல் கவலை என்று புரிகிறது. ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் எழுதிய வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘நானும் போயிருப்பேன்’ என்ற நினைப்பு, தற்கொலையில் ஒருவரை இழந்த பலருக்கும் வருகிறது. அது வெறும் சலிப்பாக வந்து போகிறதா, அல்லது எப்படி, எப்போது என்றும் யோசிக்கிறீர்களா என்பதை உங்களிடமே நேராகக் கேளுங்கள். இரண்டாவது என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இப்போதே 14416-ஐக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இன்றைக்கு ராத்திரி தனியாகப் படுக்க வேண்டாம். நினைப்பு அடங்கவில்லை என்றால் அண்ணனையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு அரசுத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வெறும் சலிப்புதான் என்றாலும் இந்த வாரமே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். வீட்டில் மிச்சம் மீதி கிடக்கும் மாத்திரைகள், தோட்டத்துக்கு வாங்கிய மருந்துகள் எல்லாவற்றையும் பிறந்த வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வெளியேற்றுங்கள். உயிரை விடும் வேகம் பெரும்பாலும் அலை போல் எழுந்து சிறிது நேரத்தில் தணிவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தாலே பலர் தப்பிவிடுகிறார்கள். அடுத்து, மூன்று பேரின் பெயரையும் எண்ணையும் தாளில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். போனில் இருந்தால் போதாதா என்று தோன்றும். நடுராத்திரி நெஞ்சு அடைக்கும்போது போனில் தேடத் தோன்றாது. மூன்றாவது, அந்த மூவரில் ஒருவரிடம் முன்கூட்டியே, ‘நேரங்கெட்ட நேரத்துல நான் கூப்பிட்டா, என்ன ஏதுன்னு கேக்காம எடுத்துப் பேசு’ என்று சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. மகளுக்காகத்தான் உயிரோடு இருக்கிறேன் என்பதை அவள் காதுபடச் சொல்லாதீர்கள், அவள் தூங்கும்போதும் சொல்லாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டால் உங்களுக்குக் காவல் இருக்கத் தொடங்கிவிடும். பள்ளிக்குப் போகாது, நீங்கள் குளிக்கப் போனால் கதவைத் தட்டும். உங்களைத் தாங்கிப் பிடிக்கும் வேலை பெரியவர்களுடையது.

இனி அந்த எஃப்.ஐ.ஆர். விஷயம். அந்த ஒரு வரி உங்களை எவ்வளவு அரிக்கிறது என்பது நீங்கள் அதை எழுத்து மாறாமல் எழுதியிருப்பதிலேயே தெரிகிறது. அது எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். இயற்கைக்கு மாறான மரணம் என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவின் கீழ் (2024 ஜூன் வரை பழைய சட்டத்தின் 174-வது பிரிவு) வழக்குப் பதிய வேண்டும். புகாரைப் பெரும்பாலும் வீட்டார் யாராவது கொடுப்பார்கள். உங்கள் மாமனார், மகனைப் பார்த்த சில மணி நேரத்துக்குள், ஸ்டேஷனில் உட்கார்ந்து சொன்னதை ரைட்டர் தன் வழக்கமான நடையில் எழுதியிருப்பார். வேறு யாரும் குற்றம் செய்யவில்லை என்று பார்ப்பதுதான் அந்த விசாரணையின் வேலை. உங்கள் கணவரின் மனதுக்குள் என்ன நடந்தது என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை. அப்படி எழுதப்படும் காரணங்கள்தான் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணைக்குப் போகின்றன. 2022-ல் நாட்டில் 1,70,924 தற்கொலைகள், தமிழ்நாட்டில் 19,834. நாட்டின் மொத்தத்தில் 31.7 சதவீதம் ‘குடும்பப் பிரச்சினை’ என்ற தலைப்பில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு காரணம். அட்டவணைக்கு அது போதும், வீட்டுக்குப் போதாது.

மனதுக்குள் என்ன நடந்தது என்று நிஜமாகவே தேடும் ஆய்வு முறை ஒன்று இருக்கிறது. 1950-களின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மனும் சகாக்களும் தொடங்கியது. இறந்தவரின் வீட்டார், நண்பர்கள், மருத்துவர் என்று பலரிடமும் விரிவாகப் பேசி, கடைசி நாட்களைப் பின்னோக்கிக் கட்டி எழுப்புவார்கள். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் டாக்டர் ராஜ்குமாரும் இந்த வழியில் செய்த ஆய்வு 1999-ல் வெளிவந்தது. இறந்த நூறு பேரையும், அவர்களைப் போன்றே வாழ்ந்துகொண்டிருந்த நூறு பேரையும் ஒப்பிட்டார்கள். மனநோய், குடும்பத்தில் ஏற்கெனவே இருந்த மனநலச் சிக்கல், அண்மையில் நேர்ந்த அடி என்று பல இழைகள் சேர்ந்தே வந்தன. பயிற்சி பெற்றவர்கள் இத்தனை தேடியும் ஒற்றைக் காரணத்துக்கு வந்து சேரவில்லை. நீங்கள் ராத்திரி மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்து, 6.40 என்ற ஒரு நேரத்தில் போய் நிற்கிறீர்கள்.

அந்த அழைப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். எடுத்திருந்தால் அந்தச் சாயங்காலம் வேறு மாதிரி போயிருக்கலாம். எடுத்து, ‘ரேஷன் கடையில நிக்கறேன், வந்து பேசறேன்’ என்று வைத்திருக்கலாம். அப்போதும் இதே நடந்து, இன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்துக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருக்கலாம். எது நடந்திருக்கும் என்று நிரூபிக்க யாராலும் முடியாது, உங்கள் மாமியாராலும் முடியாது. ‘விதி, உங்க கையில ஒண்ணும் இல்லை’ என்று ஆறுதல் சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது மனதில் ஒட்டாது. ஒட்டக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, கொஞ்சம் உழைப்பு வேண்டும்.

ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது’, வலப்பக்கம் ‘பின்னால தெரிஞ்சது’. கடைசி மூன்று மாதத்தை வாரம் வாரமாக எழுதுங்கள். அவர் சாப்பாட்டைக் குறைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதை இடப்பக்கம் எழுதுங்கள். அதற்கு அன்று நீங்கள் என்ன நினைத்தீர்கள்? பாவு நூல் வரவில்லை, வேலை இல்லை, அந்தக் கவலை என்றுதானே? அதையும் இடப்பக்கமே எழுதுங்கள். கடனின் முழுத்தொகை வலப்பக்கம். போன் செய்த பிறகு அவர் என்ன செய்யப் போகிறார் என்பது வலப்பக்கம். பலர் இதில் தவறுவது ஓர் இடத்தில்தான். வலப்பக்கத்தை நிரப்பிவிட்டு, ‘இவ்வளவு இருந்தும் கவனிக்கலையே’ என்று அழுது மூடிவிடுவார்கள். இடப்பக்கம் நிரம்பாமல் நோட்டை மூடக் கூடாது. ஒரு நாளைக்கு 20 நிமிடம், பகலில், அலாரம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அலாரம் அடித்ததும் எழுந்து முகம் கழுவி, கை ஓடுகிற வேலை ஏதாவது பாருங்கள். இரண்டு வாரம் எழுதிய பிறகும் இடப்பக்கத்தில் நிஜமான வருத்தங்கள் சில மிஞ்சலாம்: அந்தச் சண்டையில் நீங்கள் சொன்ன ஒரு கடுஞ்சொல் போல. அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். சண்டை எல்லா வீட்டிலும் நடக்கிறது; சண்டைக்கான வருத்தம் வேறு, சாவுக்கான பழி வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமக்கிறீர்கள்.

அதே நோட்டில் அவர்மீது கோபமும் வரும். கடனை மறைத்தார், பிள்ளையை விட்டுப் போனார் என்று. வந்தால் எழுதுங்கள். செத்தவரைத் திட்டுவது பாவம் என்று நிறுத்திவிடாதீர்கள். ‘பிள்ளையை நினைக்கலையே’ என்ற கேள்விக்கு மட்டும் ஷ்னைட்மன் சொன்ன ஒன்று உதவும். அந்த நிலையில் மனம் குறுகிக்கொண்டே போய், இந்த வேதனையோடு இருப்பது அல்லது இல்லாமல் போவது என்று இரண்டே வழிகள்தான் கண்ணுக்குத் தெரியும். மகளை நினைக்காமல் அல்ல. அந்தக் குறுகலில் மகள் தெரியும் இடமே இல்லாமல் போயிருக்கிறது.

இப்போது மகள். அவள் கேட்ட விதத்தைக் கவனியுங்கள்: ‘நிஜமாவே’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறாள். அவளுக்கு ஏற்கெனவே யாரோ சொல்லிவிட்டார்கள். நீங்கள் இன்னமும் ஹார்ட் அட்டாக் என்றால், அப்பா இறந்த விதத்தை ஊர்தான் அவளுக்குச் சொல்லும், ஊருக்குத் தெரிந்த நடையில். அதோடு அம்மாவிடம் கேட்டால் உண்மை வராது என்றும் முடிவு செய்துகொள்வாள். ஆகவே சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அதற்கு முந்தைய நாளே மாமனார் மாமியாரிடம், ‘நாளைக்கு பாப்பாகிட்ட சொல்லப்போறேன், இப்படித்தான் சொல்லப்போறேன்’ என்று தெரியப்படுத்துங்கள். அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் இரண்டு கதை இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். பள்ளி விடுமுறை நாளில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வது நல்லது. ராத்திரி சொன்னால் அதோடு படுப்பாள். பள்ளி நாளில் சொன்னால் அதோடு வகுப்பில் உட்காருவாள். பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் பேச்சில், ஏறக்குறைய இப்படிச் சொல்லுங்கள்:

‘கண்ணு, அப்பா எப்படி இறந்தாங்கன்னு கேட்டீல்ல. ஹார்ட் அட்டாக்னு சொன்னோம். அது உண்மை இல்லை. எப்படிச் சொல்றதுன்னு அம்மாவுக்கு அப்பத் தெரியலை. அப்பா தற்கொலை பண்ணித்தான் இறந்தாங்க. அப்படின்னா, தன் உயிரைத் தானே போக்கிக்கறது. அப்பா மனசுல பெரிய வேதனை இருந்திருக்கு. அது முத்திப்போயி, வேற வழி இருக்குன்னே யோசிக்க முடியாமப் பண்ணிருச்சு. அந்த வேதனைக்கு டாக்டர் இருக்காங்க, உதவி இருக்கு. அப்பாவால கேக்க முடியலை. நீ பேசினது, செஞ்சது எதுனாலயும் இது நடக்கலை.’

இவ்வளவுதான். பிறகு பேசாமல் இருங்கள். அழலாம், ஒன்றும் சொல்லாமல் விளையாடப் போய்விடலாம், இரண்டும் இயல்பு. நீங்கள் அழுதாலும் தவறில்லை. சிறு பிள்ளைகள் இதை ஒரே நாளில் விழுங்குவதில்லை. மூன்று வாரம் கழித்துத் தலைக்குக் குளிக்கும்போது சட்டென்று ஒரு கேள்வி வரும். அப்போதும் அதே பதிலை அதே சொற்களில் சொல்லுங்கள். வரக்கூடிய கேள்விகளுக்கு இப்போதே தயாராகுங்கள்.

‘எப்படிப் பண்ணாங்க?’ என்று கேட்டால், முதலில் ‘நீ என்ன கேள்விப்பட்டே?’ என்று கேளுங்கள். அவள் கேள்விப்பட்டது சரியென்றால் ஒரே வாக்கியத்தில் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், காட்சியாக விவரிக்காதீர்கள். ‘நீயும் அப்படிப் போயிருவியா?’ இதைக் கட்டாயம் கேட்பாள், வாயால் கேட்காவிட்டாலும் கண்ணால் கேட்பாள். ‘அம்மாவுக்கும் அழுகை வருது. வந்தா நான் மாமாகிட்டயும் டாக்டர்கிட்டயும் பேசறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி நீங்கள் டாக்டரிடம் போவதை அவள் பார்க்கவும் வேண்டும். ‘எனக்கும் பெரிசானா வருமா?’ என்றால், ‘மனசு வலிச்சா யார்கிட்ட சொல்லணும்னு நாம ரெண்டு பேரும் இப்பவே பேசி வெச்சுக்கலாம்’ என்று, அவளையே மூன்று பேரைச் சொல்லச் சொல்லுங்கள்.

சொல்லக் கூடாதவை இரண்டு. ‘அப்பா சாமிகிட்ட சந்தோஷமா இருக்காங்க’ என்று சொன்னால், ஏக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்த இடத்துக்குப் போகத் தோன்றலாம். ‘கடனாலதான் அப்பா செத்துட்டாங்க’ என்றும் சொல்ல வேண்டாம். பெரியவர்கள் மிகச் சாதாரணமாகச் சொல்லிவிடும் வாக்கியம் இது. கடன் வந்தால் சாக வேண்டும் என்பது அதற்குள் இருக்கும் பாடம். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பைனான்ஸ் போனிலும் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடனும் ஒரு கஷ்டமாக இருந்தது, கடனுள்ள எத்தனையோ பேர் வாழ்கிறார்கள் என்று சேர்த்தே சொல்லுங்கள்.

வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். கேட்க வேண்டியது அதிகமில்லை: அழுகை வந்தால் அனுமதி கேட்காமல் எழுந்து போக ஓர் இடம், ‘அப்பா’ பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் வேறு தலைப்பு, பிள்ளைகள் சீண்டினால் அவளை நடுவில் நிறுத்தி விசாரிக்காமல் இருப்பது. ‘அதைப் பத்திப் பேச எனக்கு இஷ்டமில்லை’ என்று சொல்ல அவளுக்கு வீட்டில் பழக்கிவிடுங்கள். அடிக்கடி வயிற்று வலி, படுக்கையில் சிறுநீர், பள்ளிக்குப் போக மறுப்பு, அப்பா நடந்துகொண்டது போல விளையாடுவது இவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் குழந்தைகளுக்கான மனநல ஆலோசனை தேவை. ‘நானும் அப்பாகிட்டப் போறேன்’ என்று சொன்னால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. 14416 பிள்ளைகளுக்கும் உண்டு. 1098 குழந்தைகள் உதவி எண்.

மாமியாரைப் பற்றிச் சுருக்கமாக. அவரும் மகனை இழந்திருக்கிறார். உங்கள்மீது பழி போடும்வரை தன் பங்கு என்ன என்ற கேள்வி அவரை அண்டாது. அதனால்தான் விடமாட்டேன் என்கிறார். வாதாடி வெல்ல முடியாது. அமைதியான ஒரு நேரத்தில், ஒரே தடவை, ‘அத்தை, அந்தப் போனை எடுக்கலைங்கிறது எனக்கும் ஆறாத வேதனைதான். ஆனா பாப்பா முன்னால இதைச் சொல்லாதீங்க. அப்பா சாவுக்கு அம்மா காரணம்னு அவ மனசுல விழுந்துட்டா அவளுக்கு ரெண்டு பேருமே இல்லாமப் போயிருவாங்க’ என்று சொல்லுங்கள். மறுபடி தொடங்கினால் பதில் பேசாமல் மகளை அழைத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். அடங்கவில்லையென்றால் சில வாரம் பிறந்த வீட்டில் இருப்பதில் தப்பில்லை.

ராத்திரிக்கு வருவோம். அந்தக் காட்சி தானாக வருவதும், அதற்குப் பயந்து தூக்கத்தையே தவிர்ப்பதும் அதிர்ச்சியின் விளைவு. துக்கத்தோடு சேர்ந்து வந்தாலும் அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. காட்சி வந்தால் கண்ணை இறுக்கி மூடாதீர்கள். விளக்கைப் போட்டு, காலைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள், தொட்டுணரும் நான்கு, காதில் விழும் மூன்று, மூக்குக்கு எட்டும் இரண்டு, நாக்குக்கு ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்து நிமிடம். ராத்திரி நடுக்கத்தில் முதல்முறை செய்தால் வேலை செய்யாது. பகலில் தினம் இரண்டு முறை செய்து பழகியிருக்க வேண்டும். 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுங்கள். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம். உடல் அதற்குப் பழகிவிடும், உங்கள் நிலையில் அது வீட்டில் இருப்பதும் ஆபத்து.

அவர் போன் உங்களிடம்தான் இருக்கும், ராத்திரியில் கால் லிஸ்ட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். படங்கள், குரல் பதிவுகளை முதலில் பென்டிரைவில் ஏற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள். பிறகு போனைத் தம்பியிடமோ அண்ணனிடமோ கொடுத்துவிடுங்கள். சிம்மை மட்டும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். பயன்படுத்தாமல் விட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும், வங்கி ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். துணிமணி பற்றி யார் அவசரப்படுத்தினாலும் இப்போது முடிவு செய்ய வேண்டாம். தறிக்கூடத்துக்குள் போவதற்கும் அவசரமில்லை. போக வேண்டிய நாள் வந்தால் பகலில், துணையோடு, பத்து நிமிடத்துக்கு மேல் இல்லாமல் போய் வாருங்கள்.

பரிகாரம். ஜோசியர் கேட்கும் தொகை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. திவசம் கொடுப்பது, அமாவாசைக்குப் படையல் போடுவது உங்களுக்கு ஆறுதல் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இறந்த விதத்தைக் காட்டிச் சுருக்கவோ மறைக்கவோ வேண்டியதில்லை. பயமுறுத்திக் கேட்கும் பணத்தை மட்டும் கொடுக்காதீர்கள். இந்த வருடம் பண்டிகை இல்லை என்பதை மகளிடம் பத்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள். அவளுக்கு மட்டும் சித்தி வீட்டில் தீபாவளி இருக்கலாம். வருஷ நாளுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம்தான் பலருக்கு அந்த நாளைவிடக் கடினம். அப்போது யார் கூட இருப்பது, காலையில் எங்கே போவது, சமையல் யார் என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீள முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஆனால் நேர்கோட்டில் இல்லை. காலையில் நூல் கணக்குப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள், மத்தியானம் உடைந்து போவீர்கள். துக்கத்துக்குள் போவதும் அன்றாட வேலைக்கு வெளியே வருவதுமாக மாறி மாறி நடப்பதுதான் ஆறும் வழி என்று ஸ்ட்ரோபே, ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-ல் எழுதினார்கள். எனவே சிரித்துவிட்ட ஒரு நாளுக்காகக் குற்றவுணர்வு வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள் ஏக்கம் தாங்க முடியாமல் அன்றாடமே நடக்கவில்லை என்றால் அதை நீடித்த துக்க நோயாகப் பார்க்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு. பேச்சு சிகிச்சையில் அது குறைகிறது. உங்களுக்கு அதுவரை காத்திருக்கும் அவசியம் இல்லை. தூக்கம் கெட்டு, காட்சிகள் வந்து, சாவு நினைப்பும் இருப்பதால் இந்த வாரமே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். ‘கவலையா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் இரண்டு மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். கணவர் தற்கொலை, மூன்று மணி விழிப்பு, திரும்பத் திரும்ப வரும் காட்சி, சாவு நினைப்பு என நான்கையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இதே இழப்பை அனுபவித்தவர்களோடு பேசுவது, மற்றவர்களிடம் கிடைக்காத ஓர் இளைப்பாறல். கணவரைத் தற்கொலையில் இழந்த நந்தினி முரளி, மதுரையின் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையோடு சேர்ந்து ‘ஸ்பீக்’ என்ற பெயரில் அதைத்தான் முன்னெடுத்தார். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘ஸ்நேகா’வின் எண் 044-24640050, பெயர் சொல்லாமலே பேசலாம்.

கடைசியாகக் காகித வேலை. இதை நீங்களே செய்யாமல், நம்பிக்கையான ஒருவரை வாரத்தில் ஒரு நாள் உட்காரச் சொல்லுங்கள். அவர் பாஸ்புக்கில் மே, ஜூன் மாதங்களில் 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் உண்டு, தற்கொலைக்கும்தான். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டில் தற்கொலைக்குக் கிடைக்காது. ஆயுள் காப்பீட்டில் தற்கொலை என்றால் பணமே வராது என்று ஊரில் சொல்வதை நம்பி பாலிசியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாலிசி தொடங்கியோ, காலாவதியாகிப் புதுப்பித்தோ 12 மாதம் கடந்திருந்தால் பொதுவாக முழுத்தொகையும் தர வேண்டும். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நான்கிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். க்ளைம் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறது. தடயவியல் ஆய்வக அறிக்கைக்காகவும் சில மாதம் இழுக்கும். கடன் பத்திரங்களைத் தேடுங்கள், வங்கிக் கடனோடு காப்பீடு சேர்ந்திருக்கலாம்.

பைனான்ஸ்காரர்கள் கேட்டால், அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைதான் வாரிசுகளுக்குப் பொறுப்பு என்பதை நினைவில் வையுங்கள். ஜாமீனாகவோ கூட்டாகவோ நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டுமே உங்கள் சொந்த நகை, சொத்துக்கு வர முடியும். ‘சும்மா ஒரு கணக்குக்கு’ என்று நீட்டும் புது பாண்டு பேப்பரிலும் காசோலையிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வங்கி, நிதி நிறுவன வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்; எண் 15100.